பேட்டன்ட்டை நாமளே படிக்கலாம்: துணி துவைக்கிற சாமான்ல இருந்து பேமென்ட் ஆப் வரைக்கும்

ஈரோட்டுப் பக்கம் சின்னதா டிடர்ஜென்ட் தயாரிக்கிற சொந்தக்காரர் ஒருத்தர், வெளிநாட்டுல விக்கிற ட்ரையர் ஷீட் (துணி காய வெக்கிற மெஷினுக்குள்ள போடுற, துணியை மென்மையாக்குற சாஃப்ட்னர் ஏத்தின துண்டு) மாதிரி ஒண்ணு இங்க பண்ணலாம்னு கிளம்பினாரு. யாரோ "அது பேட்டன்ட் ஆனது, கைய வெச்சா கேஸ் போட்டுருவாங்க"ன்னு சொல்ல, மனுஷன் அப்படியே விட்டுட்டாரு. நான் உக்காந்து தேடிப் பார்த்தா அதோட மூல பேட்டன்ட் 1986லயே காலாவதி ஆயிருச்சு. பேமென்ட் ஆப் பண்ற பசங்க கதை இதுக்கு நேர்மாறு, "நம்ம ஐடியாவுக்கு பேட்டன்ட் வாங்கிடலாம்"னு இன்வெஸ்டர்கிட்ட சொல்லிட்டு அப்புறமா சட்டத்தைப் பாக்குறாங்க. ரெண்டு பேருக்கும் தேவை ஒண்ணுதான், அந்த டாக்குமென்ட்டை எடுத்து சரியான இடத்துல படிக்கத் தெரியணும். காசு செலவே இல்ல, எல்லாம் ஓப்பனா கிடக்கு.

முதல்லயே சொல்லிடறேன், இதைப் படிச்சுட்டு லட்சக்கணக்குல மெஷின் வாங்கிடாதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பாருங்க. ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சுகிட்டுப் போனீங்கன்னா அவர் ஃபீஸும் குறையும், உங்க குழப்பமும் குறையும்.

ஸ்டெப் 1: டாக்குமென்ட்டைப் புடிங்க

நம்பர் தெரிஞ்சா வேலை சுலபம். கூகுள் பேட்டன்ட்ஸ்ல நாட்டோட ரெண்டெழுத்தையும் (அமெரிக்கான்னா US) நம்பரையும் ஒட்டி அடிங்க. நம்ம ட்ரையர் ஷீட்டுக்கு அமெரிக்க பேட்டன்ட் 3442692. கான்ராட் கெய்சர்ங்கிறவர் வாங்கினது, தேதி 1969 மே 6. துணியை சூடா உருட்டிக் காய வெக்கிற மெஷினுக்குள்ள சாஃப்ட்னர் ஏத்தின ஒரு துண்டைச் சேர்த்துப் போட்டா, அது துணிகளோட உருண்டு உரசி சாஃப்ட்னர் எல்லாத்துலயும் ஏறிடும், அலசுற நேரம் பாத்து ஓடிப்போய் ஊத்த வேண்டியதில்ல. இந்த பேட்டன்ட்டை பின்னாடி ப்ராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கி பவுன்ஸ்ங்கிற பேர்ல கடைக்குக் கொண்டுவந்தாங்க.

நம்பர் தெரியலன்னா வெறும் வார்த்தையை வெச்சு மட்டும் தேடாதீங்க, ஏன்னா பேட்டன்ட் எழுதறவங்க நாம சொல்ற பேரையே போட மாட்டாங்க, பக்கெட்டை "திரவம் தாங்கும் கொள்கலன்"னு எழுதுவாங்க. பேட்டன்ட் ஆபீஸ் ஒவ்வொரு துறைக்கும் போடுற வகை எண்ணையும் சேர்த்துத் தேடுங்க. வாஷிங் மெஷின், ட்ரையர், அயர்ன் எல்லாம் டி06எஃப் (D06F). சோப்பு, டிடர்ஜென்ட் கலவை சி11டி (C11D). பேமென்ட் சமாச்சாரம் ஜி06க்யூ 20 (G06Q 20), பேங்க், லோன், இன்சூரன்ஸ் ஜி06க்யூ 40 (G06Q 40). (அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.)

படிக்கிறதுக்கு என் ஓட்டு கூகுள் பேட்டன்ட்ஸுக்குத்தான், வேகம் ஜாஸ்தி, தேடினா பளிச்சுனு வந்துரும். ஆனா ஒரே கண்டுபிடிப்பு எந்தெந்த நாட்டுல போட்டிருக்காங்கன்னு பாக்க ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸோட எஸ்பாஸ்நெட்தான் நம்பகம், அதுல "பேட்டன்ட் ஃபேமிலி"ன்னு தனியா ஒரு பகுதி இருக்கு. காசு கட்டி வாங்குற சாஃப்ட்வேர் எதுவும் ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம்.

பழைய அமெரிக்க பேட்டன்ட்ல ஒரு விஷயம். திரையில தெரியற எழுத்து ஸ்கேன்ல இருந்து மெஷின் படிச்சு எடுத்தது, அங்கங்க எழுத்து மாறியிருக்கும், ரசாயனப் பேர்னா கேக்கவே வேண்டாம். பிடிஎஃப் டவுன்லோட் பண்ணி அதையே படிங்க.

ஸ்டெப் 2: அது பேட்டன்ட்டா, வெறும் விண்ணப்பமா?

நம்பருக்குக் கடைசில ஒரு எழுத்து இருக்கும். அமெரிக்காவுல 2001க்கு அப்புறம் ஏ1னு இருந்தா அது வெறும் விண்ணப்பம் பப்ளிஷ் ஆனது, இன்னும் யாரும் எதுவும் குடுக்கல. பி1, பி2 (B1, B2) இருந்தாத்தான் கிரான்ட் ஆனது, அதாவது பேட்டன்ட்டைக் குடுத்தாச்சு. நாட்டுக்கு நாடு இந்த எழுத்து மாறும், அதனால அந்தப் பக்கத்துல "கிரான்ட்"னு தேதியோட இருக்கான்னு பாத்துடுங்க. விண்ணப்பம் பொதுவா 18 மாசத்துல தானா வெளியாகும். அதைப் பாத்துட்டுத்தான் நிறைய பேர் "அய்யோ பேட்டன்ட் பண்ணிட்டாங்க"ன்னு பதறுறது.

ஸ்டெப் 3: க்ளெய்ம். இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க

தலைப்பு, சுருக்கம், படம் இது மூணையும் பாத்து எந்த முடிவுக்கும் வராதீங்க. எத்தனை பக்க விளக்கம் இருந்தாலும் சட்டப்படி எல்லை போடுறது கடைசில நம்பர் போட்டு வர்ற க்ளெய்ம்கள்தான். நிலத்துக்குப் பத்திரத்துல நாலு எல்லை எழுதற மாதிரி, அதுக்கு வெளிய எவ்வளவு வர்ணிச்சிருந்தாலும் அது அவங்களுக்குச் சொந்தமில்ல. கூகுள் பேட்டன்ட்ஸ்ல கம்ப்யூட்டர்ல பாத்தா வலது பக்கம் இருக்கும். பழைய பிடிஎஃப்ல கடைசிப் பக்கத்துக்குப் போங்க.

க்ளெய்ம் 1ஐ எடுங்க. ஒரே வாக்கியமா அரைப்பக்கத்துக்குப் போகும், மூச்சு முட்டும். பயப்பட வேண்டாம், காற்புள்ளி, அரைப்புள்ளி வர்ற இடத்துலெல்லாம் உடைச்சு ஒரு பேப்பர்ல ஒவ்வொரு துண்டையும் தனித்தனி வரியா எழுதுங்க. புரியறதுக்கு நானே ஒண்ணு கட்டிச் சொல்றேன், இது நிஜ பேட்டன்ட் இல்ல: "துணியை மென்மையாக்கும் ஒரு பொருள், அதில் நெய்யப்படாத ஒரு தாள், அந்தத் தாளின் மேல் பூசிய சாஃப்ட்னர், அந்தத் தாளில் காற்று போக வெட்டிய துளைகள்." மூணு துண்டு, தாள், பூச்சு, துளை. நீங்க பண்றதுல மூணும் இருந்தாத்தான் அந்த க்ளெய்முக்குள்ள மாட்டுவீங்க. துளையே இல்லாம பண்றீங்கன்னா பொதுவா அதுக்கு வெளிய. "கிட்டத்தட்ட அதே வேலைதானே செய்யுது"ன்னு கோர்ட்டுல வாதாடவும் வழி இருக்கு, அதனால மயிரிழை வித்தியாசத்தை நம்பி மட்டும் எறங்காதீங்க.

அதிக க்ளெய்ம் சின்ன பேட்டன்ட், கம்மி க்ளெய்ம் பெரிய பேட்டன்ட்னு ஒரு கணக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டா, எண்ணிக்கையை விடுங்க, நீளத்தைப் பாருங்க. க்ளெய்ம் 1 நாலே வரின்னா நிபந்தனை கம்மி, அதனால ரொம்பப் பேரு உள்ள மாட்டுவாங்க. ஒரு பக்கம் நீளம்னா நிபந்தனை ஏராளம், வெளிய நடக்க நிறைய இடம் இருக்கு.

அடுத்து ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையைத் தேடுங்க. "கம்ப்ரைசிங்" (comprising)னு இருந்தா "இதெல்லாம் இருக்கணும், கூட வேற இருந்தாலும் பரவால்ல"ன்னு அர்த்தம். அவங்க சொன்ன எல்லாத்தையும் போட்டு நீங்க மேல எலுமிச்சை வாசனை சேர்த்தா தப்பிக்க முடியாது. "கன்சிஸ்டிங் ஆஃப்" (consisting of)னு இருந்தா இது மட்டும்தான், இன்னொண்ணு சேர்த்தாலே வெளிய வந்துருவீங்க. டிடர்ஜென்ட் கலவையில இந்த ஒரு வார்த்தை மொத்தத் தொழிலையே மாத்திரும். சதவீதமும் அப்படித்தான், "5 முதல் 20 சதவீதம்"னு இருந்தா அந்த 5ம் 20ம் பேப்பர்ல வட்டம் போட்டு வைங்க.

அப்புறம், "க்ளெய்ம் 1ல சொன்னபடி"ன்னு தொடங்குறதெல்லாம் கிளை க்ளெய்ம். தாய் க்ளெய்முல நீங்க மாட்டலன்னா அதோட கிளையிலயும் மாட்ட மாட்டீங்க. ஆனா தனியா நிக்கிற க்ளெய்ம் இன்னொண்ணு நடுவுல ஒளிஞ்சிருக்கும், கடைசி வரைக்கும் தேடுங்க. சில பேட்டன்ட்ல ஒண்ணு பொருளுக்கும் இன்னொண்ணு செய்முறைக்கும் இருக்கும். கெய்சரோடது தலைப்பே "துணியைப் பதப்படுத்தும் முறை"தான்.

ஸ்டெப் 4: தேதி

பேட்டன்ட்டோட ஆயுள் இன்னைக்கு எல்லா நாட்டுலயும் பொதுவா விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்து 20 வருஷம். அமெரிக்காவுல 1995 ஜூனுக்கு முன்னாடி இருந்த பழைய முறை கிரான்ட் ஆன நாள்ல இருந்து 17 வருஷம். கெய்சருக்கு 1969 கூட்டல் 17, 1986 மே. அமேசானோட ஒன் கிளிக் பேட்டன்ட், நம்பர் 5960411, விண்ணப்பம் 1997 செப்டம்பர், கிரான்ட் 1999 செப்டம்பர், 20 வருஷக் கணக்குல 2017 செப்டம்பர்ல முடிஞ்சது. கிரான்ட் தேதியை வெச்சு எண்ணினா ரெண்டு வருஷம் தப்பா வரும், கவனம்.

இதுக்கு நடுவுலயே செத்துப்போறதும் உண்டு. புதுப்பிப்புக் கட்டணம் கட்டலன்னா போச்சு. கூகுள் "எக்ஸ்பயர்ட்"னு போட்டிருந்தாலும் அது ஒரு அனுமானம்தான், சட்ட முடிவில்லன்னு அங்கயே எழுதியிருக்காங்க. அந்தந்த நாட்டு பேட்டன்ட் ஆபீஸ் பதிவேட்டுல ஒருதடவை பாத்துடுங்க.

முன்னுரிமைத் தேதின்னு ஒண்ணு இருக்கும், அந்தக் கண்டுபிடிப்புக்கு முதமுதல்ல விண்ணப்பம் போட்ட தேதி, இதுதான் "யார் முதல்ல"ங்கிறதுக்கு விடை. ஏடிஎம் கதையைப் பாருங்க. லண்டன் என்ஃபீல்டுல 1967 ஜூன் 27ம் தேதி பார்க்லேஸ் பேங்க் வெச்ச மெஷின் ஜான் ஷெப்பர்ட் பாரனோடது (நம்ம ஷில்லாங்ல பொறந்தவர்). அவர் பேட்டன்டே போடல, போட்டா உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே வெளிய வந்துரும்ங்கிறதால. ஆனா ஸ்காட்லாந்து எஞ்சினியர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோ கார்டும் ரகசிய நம்பரும் வெச்சுப் பணம் எடுக்கிற முறைக்கு 1966 மே 2ம் தேதியே பிரிட்டன்ல விண்ணப்பம் போட்டுட்டாரு, நம்பர் 1197183. மெஷின் தெருவுக்கு வந்தது ஒருத்தரோடது, பேப்பர்ல தேதி இன்னொருத்தரோடது. அதுக்கும் முன்னாடி லூதர் சிம்ஜியன் 1960ல விண்ணப்பம் போட்டு 1963ல வாங்கின 3079603, பணமும் செக்கும் போடுறப்போ அதைப் போட்டோ புடிச்சு வெச்சுக்கிற டெபாசிட் மெஷின். செக்கை போன்ல போட்டோ எடுத்து டெபாசிட் பண்றவங்க இதை ஒருதடவை எடுத்துப் படிக்கணும், எனக்கு ரொம்பப் புடிச்ச டாக்குமென்ட் இது.

ஸ்டெப் 5: எந்த நாடு

அமெரிக்க பேட்டன்ட் அமெரிக்காவுக்கு மட்டும்தான். இங்க தயாரிச்சு இங்கயே விக்கிறதுக்கு இந்திய பேட்டன்ட் இருக்கான்னுதான் பாக்கணும், எக்ஸ்போர்ட் பண்ணீங்கன்னா போய்ச் சேர்ற நாட்டையும் பாருங்க. இந்தியாவுக்கு அரசாங்கத்தோட இன்பாஸ் தளம். கொஞ்சம் மெதுவாத்தான் வரும், ஒவ்வொரு தடவையும் படத்துல இருக்கிற எழுத்தை அடிக்கச் சொல்லும், பொறுமையா பண்ணுங்க, ஏன்னா இ-ரெஜிஸ்டர்ல புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்காங்களான்னு அங்கதான் தெரியும். இந்திய விண்ணப்ப நம்பர் 2016ல இருந்து 12 இலக்கம், முதல் நாலு வருஷம், அஞ்சாவது ஆபீஸ்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாவது 7னா வெளிநாட்டுல இருந்து சர்வதேச வழியா வந்தது. 202047னு ஆரம்பிச்சா, 2020ல சென்னை ஆபீஸுக்கு அப்படி வந்ததுன்னு பாத்தவுடனே சொல்லிடலாம்.

லாண்டரி ஆளுங்களுக்கு இதோட முடிஞ்சது. பேமென்ட், லோன் ஆப் பண்றவங்களுக்கு இன்னொரு கதவு இருக்கு, பேட்டன்ட் சட்டம் 3(கே) பிரிவு. கணக்கு முறை, வியாபார முறை, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், அல்காரிதம் இதெல்லாம் இங்க கண்டுபிடிப்பே கிடையாது. இதுல "வெறும்"ங்கிற அடைமொழி புரோகிராமுக்குத்தான், வியாபார முறைக்கு இல்ல, அதனால அந்தத் தடை முழுசுன்னு டெல்லி உயர்நீதிமன்றம் 2023ல சொல்லிடுச்சு. ஆனா அதே வருஷம் டிசம்பர்ல சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்க, வாங்குறவரோட பேமென்ட் விவரம் கடைக்காரருக்குப் போகாம பாதுகாக்குற ஏற்பாடு, அது பணப் பரிவர்த்தனையில பயன்படுதுங்கிறதுக்காகவே வியாபார முறை ஆயிடாது, ஹார்டுவேர் சாஃப்ட்வேரால தகவல் பாதுகாப்புதான் நடக்குதுன்னு தீர்ப்பு விண்ணப்பதாரர் பக்கம் வந்துச்சு. அப்போ உங்க க்ளெய்ம்ல "வட்டி இப்படிக் கணக்கு போடுவோம்"னு இருக்கா, இல்ல "தகவல் இந்த வழியில போறதால திருட முடியாது"ன்னு இருக்கா, இதைத்தான் முதல்ல பாக்கணும்.

அமெரிக்காவுல இந்தக் கதவு 1998ல அகலமா திறந்துச்சு, மியூச்சுவல் ஃபண்ட் நிர்வகிக்கிற 5193056ம் நம்பர் பேட்டன்ட் செல்லும்னு ஸ்டேட் ஸ்ட்ரீட் வழக்குல வந்ததுக்கப்புறம். 2014ல ஆலிஸ் வழக்குல உச்சநீதிமன்றம், பழைய ஐடியாவைக் கம்ப்யூட்டர்ல செஞ்சா மட்டும் கண்டுபிடிப்பு ஆகாதுன்னு பெருமளவு மூடிடுச்சு. செக்கை போன்ல டெபாசிட் பண்ற பேட்டன்ட்டுக்காக 2019ல யூஎஸ்ஏஏங்கிற அமெரிக்க நிதி நிறுவனத்துக்கு வெல்ஸ் ஃபார்கோ பேங்க் 20 கோடி டாலர் தரணும்னு டெக்சஸ் ஜூரி சொன்னாங்க, அதே யூஎஸ்ஏஏ இன்னொரு பேட்டன்ட்டை வெச்சு பிஎன்சி பேங்க் மேல போட்ட வழக்குல 2025ல மேல்முறையீட்டு கோர்ட் இது வெறும் ஐடியான்னு தள்ளிடுச்சு. 2014க்கு முன்னாடி கிரான்ட் ஆன ஃபைனான்ஸ் பேட்டன்ட்டைப் பாத்து பயப்படறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்டேட் 1: "பேட்டன்ட் முடிஞ்சுருச்சு, அப்போ அதே பேர்ல, அதே டப்பாவுல விக்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. கூடவே கூடாதுங்க. பேரு ட்ரேட்மார்க், 10 வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிச்சுகிட்டே எத்தனை காலம் வேணாலும் வெச்சுக்கலாம். டப்பாவோட வடிவம் டிசைன் பதிவு, இந்தியாவுல 10 வருஷம், கூட 5 நீட்டிக்கலாம். மூணையும் தனித்தனியா தேடணும்.

அப்டேட் 2: மூல பேட்டன்ட் முடிஞ்சாலும் அதை மெருகேத்தினவங்க பேட்டன்ட் உயிரோட இருக்கலாம். சாதாரண துணி க்ளிப்பையே எடுங்க, 1853ல டேவிட் ஸ்மித் ஸ்பிரிங் வெச்சு வாங்கினாரு, 1887ல சோலன் மூர் கம்பியைச் சுருட்டி மாத்தினதுக்கு தனியா ஒண்ணு வாங்கினாரு. பழைய டாக்குமென்ட் பக்கத்துல "சைட்டட் பை" (Cited By)ன்னு கீழ ஒரு பட்டியல் இருக்கும், இதைக் குறிப்பிட்டு பின்னாடி வந்த பேட்டன்ட்கள், அதுல கடைசி 20 வருஷத்துல வந்ததை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் மறுபடி ஸ்டெப் 3 பண்ணுங்க. சொந்தக்காரருக்கு இப்போ அந்தப் பட்டியலைத்தான் பாத்துகிட்டு இருக்கேன், பூச்சுக் கலவையில சிலது இந்தியாவுலயும் போட்டிருக்காங்களான்னு எஸ்பாஸ்நெட் ஃபேமிலியில சரிபாத்துட்டு, மிச்சத்தை ஏஜென்ட்கிட்ட குடுக்கப் போறோம்.