குரோஷேயிலிருந்து நிட்டிங்குக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) போட்டவர்களுக்கு நூலை விரலில் பிடிப்பதையோ, இழுவையைச் சீராக வைப்பதையோ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங்கில் அவர்களைத் தடுமாற வைப்பது அந்தப் பழக்கம்தான்.

முதல் தவறு, எடுத்ததுமே நீள மஃப்ளர் ஆரம்பிப்பது. அதையும் ஒரு வரிசை நிட் (நூல் வளையத்தை முன்பக்கம் இழுக்கும் தையல்), மறு வரிசை பர்ல் (பின்பக்கம் இழுக்கும் தையல்) என்று ஸ்டாக்கினெட்டில் போட்டால் பக்க ஓரங்கள் பின்னால் சுருண்டுகொள்ளும், மேலும் கீழும் முன்னால் சுருளும். அந்தத் துணியின் குணமே அது. உங்கள் கை மேல் குற்றம் இல்லை. எல்லா வரிசையும் நிட் தையலாகவே போடும் கார்ட்டர் துணி தட்டையாகக் கிடக்கும். ஊசியில் 30 கண்ணி (வளையம்) ஏற்றி ஒரு சதுரம் பின்னுங்கள், மடித்து இரு பக்கமும் தைத்தால் சின்னப் பை ஆகிவிடும். கையிருப்பில் இருக்கும் பருத்தி நூலை இதற்கு எடுக்க வேண்டாம். அது இழுத்தால் கொடுக்காது, விரல் வலிக்கும். நடுத்தரத் தடிமனில் வெளிர் நிறக் கம்பளி நூலும் 5 மி.மீ. மூங்கில் ஊசியும் போதும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும்.

அடுத்தது, நூலை வலது கைக்கு மாற்றிக்கொள்வது. பல பாடங்கள் அப்படித்தான் தொடங்கும். குரோஷேயில் இடது கையில் நூல் பிடித்தே பழகியிருந்தால், அதே கையில் பிடிக்கும் கான்டினென்டல் முறைதான் உங்களுக்கு எளிது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குதிரைமேல் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியின் முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால். வழக்கமான முறையில் வலது கால்தான் முன்னால் இருக்க வேண்டும். பர்ல் போடும்போது குரோஷே கை நூலைக் கீழிருந்து வாரி எடுக்கப் பார்க்கும். அப்போது கண்ணி மாறி உட்காரும். அடுத்த வரிசையில் வழக்கம்போல முன்காலில் ஊசியை நுழைத்தால் கண்ணி திருகி, அடியில் கத்தரிபோல் குறுக்காக நிற்கும். துணியும் விறைக்கும். நூலை மேலிருந்து சுற்றுங்கள். இல்லையென்றால், மாறி உட்கார்ந்த கண்ணியைப் பின்கால் வழியாகப் பின்னுங்கள், திருகாது. அப்படியே காலமெல்லாம் பின்னுகிறவர்களும் உண்டு.

30 கண்ணி ஏற்றியது சில வரிசையில் 34 ஆகியிருக்கிறதா? குரோஷேயில் வரிசை திரும்பும்போது போடும் செயின் இங்கே தேவையில்லை. அதைப் போடாமலே எண்ணிக்கை ஏறினால் ஓரத்தைப் பாருங்கள். வரிசை தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால் முதல் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலை ஊசிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னால் வையுங்கள். கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள்.

குரோஷேயில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. தப்பு வந்தால் சரசரவென்று பிரித்துவிடலாம். நிட்டிங்கில் ஊசியில் உள்ள அத்தனையும் திறந்த கண்ணிகள். அவசரத்தில் ஊசியை உருவாதீர்கள். நழுவியது ஒன்றுதான் என்றால், உங்கள் குரோஷே ஊசியே போதும். ஸ்டாக்கினெட் துணி என்றால், அதன் நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, நழுவிய கண்ணிக்குள் முன்னாலிருந்து நுழைத்து, மேலே ஏணிப்படி போல நிற்கும் இழையைப் பிடித்து இழுத்து, படிப்படியாக ஏற்றி ஊசியில் மாட்டிவிடலாம். இதில் குரோஷே தெரிந்தவர் கைதான் ஓங்கி நிற்கும்!

வரிசை பாதியில் வேலையைக் கீழே வைக்காமல் இருப்பது நல்லது. வைத்துவிட்டால், நூல்கண்டிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலது கையில் எடுங்கள். மாற்றி எடுத்தால் வந்த வழியே திரும்பிவிடுவீர்கள், நடுவில் ஓட்டை விழும்.

முடிக்கும் வரிசையைக் குரோஷே இறுக்கத்தில் போடாதீர்கள், ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். அப்புறம் தொப்பிக்குப் போகலாம், இரு ஊசி முனைகளை ஒரு வடம் இணைக்கும் வட்ட ஊசியில். சுற்றை இணைக்கும் முன், ஏற்றிய கண்ணிகளின் அடிவிளிம்பு முழுக்க ஊசியின் உட்பக்கமாகவே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்து நாலைந்து சுற்று ஏறிவிட்டால், பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.