மைலோ டின்னில் முளைத்த பயறு

மலேசியாவில் உள்ள பெஸ்தாரி ஜெயா என்ற ஊரை எங்கள் பெரியப்பா இன்னும் அதன் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். செம்பனைத் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் இரண்டு மைலோ டின்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டிலும் பச்சைப்பயறு முளைத்திருந்தது. ஒன்று ஒரு சாண் ஓங்கி நின்றது, மற்றது அதில் பாதி.

"இதுக்குத் தெனமும் நல்ல எண்ணம் அனுப்பினேன்டா. அதைக் கண்டுக்கவே இல்ல. எண்ணம்னா ஒளி, ஒளின்னா பொருள். ஐன்ஸ்டைனே சொல்லிட்டாரு."

புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தியாம். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவரைப் போலவே நானும் ஒரு காலத்தில் இந்தத் தவறுகளை எல்லாம் செய்தவன்.

உண்மையான சூத்திரத்தைக் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்துவது, அடிக்கடி நடக்கும் தவறு. பொருளும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடு என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டியது உண்மை. ஒளியிலிருந்து பொருள் பிறப்பதும் உண்மை. ஆனால் என்ன விலைக்கு? கண்ணுக்குத் தெரியும் ஓர் ஒளித்துகளின் ஆற்றல், துகள்களுக்கான சின்னஞ்சிறு அலகில், 2 அல்லது 3 எலெக்ட்ரான் வோல்ட். ஓர் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் பிறக்கக் குறைந்தது 10 லட்சத்து 22 ஆயிரம் வேண்டும். அந்தச் சூத்திரத்தில் எண்ணத்துக்கு இடமே இல்லை. மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. அதுவும் காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்கிலிருந்து வருவதுதான்.

மனோவேகம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அழகான சொல். அதை அளவாக எடுத்துக்கொண்டால் வம்பு. லண்டனை நினைத்த மாத்திரத்தில் மண்டைக்குள்ளிருந்து எதுவும் லண்டனுக்குப் போவதில்லை. 1850இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார்: நொடிக்கு 30 மீட்டருக்கும் குறைவு. நம்முடைய வேகமான நரம்புகளில் சுமார் 120 மீட்டர். ஒளியோ நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர்.

சரி, டின்னுக்கு வருவோம். எது செல்லப்பிள்ளை என்று பெரியப்பாவுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியது அவர், அளந்ததும் அவர். செல்லப்பிள்ளைக்குத் தினமும் தண்ணீர், மற்றதற்கு ஞாபகம் வந்தபோது மட்டும். ஏமாற்றவில்லை பாவம், ஆசைப்பட்டார். விடை தெரிந்த கையோடு அளப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. படித்தவர்களையும் அது விட்டதில்லை.

1903இல் பிரான்சின் நான்சி நகரத்தில் புளோண்ட்லோ என்ற பெயர்பெற்ற இயற்பியலாளர் 'என்-கதிர்' என்று ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கலாக ஒளிரும் பரப்பு, கதிர் பட்டால் கொஞ்சம் கூடுதலாக ஒளிருமாம். அதே ஊர் அறிவியலாளர் ஷார்பாந்தியே, நரம்பிலிருந்தும் மூளையிலிருந்தும் அந்தக் கதிர் வருகிறது என்றார். எண்ணம் ஒளியாகிவிட்டது! பலரும் 'பார்த்தார்கள்'. 1904இல் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் அங்கே போனார். கதிரைப் பிரித்துக் காட்டும் முப்பட்டகத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அது இல்லாமலே அளவுகள் முன்போலவே சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. என்-கதிரின் கதை அதோடு முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் கேலி செய்யத் தோன்றும். அதுவும் தவறுதான், நான் அதிகம் செய்தது. கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் இரவில் சம்பானில் போனால், ஆற்றோர பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணையும். தலைவன் கிடையாது, கட்டளை கிடையாது. 1917இல் பிலிப் லாரன்ட் என்பவர், பூச்சிகள் இப்படிச் செய்ய வாய்ப்பே இல்லை, இமைத்தது என் கண்தான் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1960களில் உயிரியலாளர் ஜான் பக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்துக்குப் போய் அளந்து பார்த்தார்கள். தாளம் பூச்சிகளுடையதே. ஒவ்வொன்றும் பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்துத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது.

ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இன்னொரு விதம். 1893இல் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றே தொலைவிலிருந்த அவர் அக்காவுக்கு மனம் கலங்கியதாம். எண்ணம் தாவுகிறது என்று நம்பி மூளையைத் துருவினார். 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். தேடியது அகப்படவில்லை, ஆனால் வலிப்பு நோயாளிகளின் தலையில் இன்று மருத்துவமனைகளில் பொருத்தும் ஈஈஜி என்ற மூளையலைப் பதிவுக் கருவி அவர் வழியில் வந்ததே.

அதனால் பெரியப்பாவிடம் வாதாடவில்லை. மறுபடியும் செய்வோம் என்றேன். இந்த முறை பத்து டின். எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே ஜன்னல், ஒரே கரண்டித் தண்ணீர். அவர் எண்ணம் அனுப்புவது ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும். எந்த எண் எந்த டின் என்பது பேத்திக்குத்தான் தெரியும். தாளில் எழுதி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். எத்தனை செ.மீ. வித்தியாசம் வந்தால் ஜெயித்ததாகக் கொள்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இதில் மட்டும் அவர் ரொம்ப நேரம் பேரம் பேசினார்.

எட்டாம் நாள் அளந்தோம். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பெரியப்பா அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியைப் பார்த்தார்.

"நீ என்னடி நெனச்சுக்கிட்டு இருந்த?"