பிரிட்டனில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறீர்களா? பல்கலைக்கழகம் தரும் ஆங்கில உதவியை இப்படிப் பயன்படுத்துங்கள்

வந்து இறங்கிய இரண்டு வாரத்துக்குள் உங்கள் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். வீடு, வங்கிக் கணக்கு, பார்ட் டைம் வேலை என்று நீங்கள் அலைகிற அதே நாட்களில்தான் அங்கே இடங்களும் நிரம்பும்.

நான் கரூர்ப் பக்கம் பன்னிரண்டு வரை தமிழ் மீடியத்தில் படித்து, ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. முடித்தவள். இப்போது இங்கேயே வேலை. புதிதாக வரும் நம் பிள்ளைகளின் அசைன்மென்ட்களை வருஷா வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். "ஐஇஎல்டிஎஸ்-ல 6.5 வாங்கியாச்சுக்கா, இனி எதுக்கு இங்கிலிஷ் கிளாஸ்?" என்று யாராவது கேட்காத வருஷமே இல்லை.

ஐஇஎல்டிஎஸ் என்ற அந்த ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துப் பகுதியின் பெரிய கட்டுரைக்கே 250 சொல் போதும். மனதில் தோன்றியதை 40 நிமிஷத்தில் எழுதிவிடலாம். இங்கே முதல் செமஸ்டரிலேயே 2500, 3000 சொல்லில் கட்டுரை கேட்பார்கள். இருபது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றோடு வாதாடி எழுத வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மார்க்கையே ஏற்றுக்கொள்கின்றன. அதனால் ஐஇஎல்டிஎஸ்-கூட எழுதாமல், முழுசாக ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகாமல் வந்து சேர்கிறவர்களும் நிறைய. அவர்களுக்குக் குறைவது அறிவு இல்லை, இந்த வகை எழுத்தில் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தைத் தரத்தான் மொழி மையம் இருக்கிறது.

உதவி இரண்டு வகை. கோர்ஸ் தொடங்கும் முன் கோடையில் நடப்பது ப்ரீ-செஷனல். பல்கலைக்கழகம் கேட்ட ஐஇஎல்டிஎஸ் ஸ்கோருக்கு அரை பேண்ட், அதாவது அரைப் புள்ளி, இல்லை ஒரு பேண்ட் குறைந்தவர்களுக்கானது இது. குறைவைப் பொறுத்து ஆறு வாரம், பத்து வாரம் என்று நீளும். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் ஆயிரக்கணக்கான பவுண்டு. அரை பேண்ட் மட்டும்தான் குறைகிறது, கையில் நேரமும் இருக்கிறது என்றால் ஊரிலேயே தேர்வை இன்னொரு முறை எழுதிப் பாருங்கள் என்பேன். ப்ரீ-செஷனல்தான் வழி என்று ஆனால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஒரே காஸ் (CAS) லெட்டரில் இரண்டு படிப்பும் அடங்குமா? கோர்ஸ் முடிவில் தேறாவிட்டால் மாஸ்டர்ஸ் சீட் என்ன ஆகும்? இரண்டுக்கும் பதிலை ஈமெயிலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோர்ஸுக்கு பலீப் (BALEAP) என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழக ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கும் தொழில் அமைப்பு அது.

படிப்போடு கூடவே நடப்பது இன்-செஷனல். பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது, மார்க்ஷீட்டிலும் வராது. வீட்டை அடகு வைத்து நாம் கட்டிய ஃபீஸிலேயே இதுவும் அடக்கம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஷெஃபீல்டில் இதை நடத்தும் மையத்தின் பெயர் இங்கிலிஷ் லாங்குவேஜ் டீச்சிங் சென்டர், லீட்ஸில் லாங்குவேஜ் சென்டர். ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் 'இன்-செஷனல்' என்று தேடினால் அகப்படும். வாராந்திர வகுப்பு, பேச்சுப் பயிற்சி, தனியாக உட்காரும் அப்பாயின்ட்மென்ட் என்று பட்டியல் இருக்கும். உங்கள் துறைக்கென்றே தனி வகுப்பு இருந்தால் அதையே எடுங்கள், பொது வகுப்பைவிட அது பல மடங்கு உதவும். வகுப்பு நேரம் தெரிந்ததும் வேலையிடத்தில் மேனேஜரிடம் அந்த மதியம் வர முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ரோட்டா, அதாவது வேலை நேரப் பட்டியல், போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

எதை விட்டாலும் தனி அப்பாயின்ட்மென்டை விடாதீர்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஓர் ஆசிரியர் உங்கள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவார். பிழை திருத்தித் தரும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள், அதை அவர்கள் செய்யமாட்டார்கள். முழுக் கட்டுரையும் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். அசைன்மென்ட் கேள்வித்தாளையும் மார்க் போடும் அளவுகோலையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே ஒரு கட்டுரைக்கு ஃபீட்பேக் வந்திருந்தால் அது கட்டாயம் வேண்டும். "என் இங்கிலிஷ் சரியா இருக்கா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த இரண்டு பத்திக்கும் தொடர்பு தெரிகிறதா?" என்று கேளுங்கள்.

பப்ளிக் ஹெல்த் படிக்கும் ஒரு தங்கை, சர்க்கரை நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் விடுகிறார்கள் என்ற கட்டுரையோடு போனாள். பத்தி ஒவ்வொன்றும் ஓர் ஆய்வாளர் பெயரில் தொடங்கியது. இவர் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார் என்றே போனது. ஆசிரியர் இலக்கணத்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அந்தப் பத்தி என்ன வாதிடுகிறது என்று பென்சிலால் ஒரே வரி எழுதச் சொன்னார். ஆறு பத்தியில் இரண்டுக்குத்தான் அவளால் எழுத முடிந்தது. பிறகு அதே ஆய்வுகளை மருந்துச் செலவு, கிளினிக்குக்குப் போகும் தூரம், வீட்டில் கிடைக்கும் ஆதரவு என்று காரணவாரியாகப் பிரித்தார்கள். இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அந்த முரண்பாட்டை வைத்தே அவளுடைய வாதம் எழுந்தது. ஃபீட்பேக்கில் 'கிரிட்டிக்கல் அனாலிசிஸ் போதாது' என்று எழுதுகிறார்களே, அதற்கு மருந்து இதுதான். மாஸ்டர்ஸில் 50 எடுத்தால் பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். ஐம்பதுகளில் நிற்கும் கட்டுரை அறுபதைத் தாண்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாக்கியம் வராமல் திணறினால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஓர் ஆய்வோடு உடன்படுவது, மறுப்பது, முடிவை அடக்கமாகச் சொல்வது என்று தேவைவாரியாக வாக்கிய அமைப்புகள் அடுக்கியிருப்பார்கள்.

பேச்சுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஷெஃபீல்டும் லீட்ஸும் இருக்கும் யார்க்ஷயர் பகுதியின் உச்சரிப்பு முதலில் காதில் ஏறாது. லெக்சர் ரெக்கார்டிங் இருந்தால் கேப்ஷனோடு இன்னொரு முறை கேளுங்கள். செமினாரில் வாய் திறக்காமல் இருப்பதை இங்கே மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள், நேரம் போகப்போகத் தயக்கம்தான் கூடும். வீட்டில் தமிழ் பேசுவதால் இங்கிலிஷ் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கட்டுரையின் வாதத்தைத் தமிழில் ஒரு தோழியிடம் விளக்கிவிட்டு எழுத உட்கார்ந்தால் சுலபமாக வரும்.

வாட்ஸ்அப் குரூப்பில் "அசைன்மென்ட் எழுதித் தரப்படும், டர்னிட்டின் ரிப்போர்ட்டோடு" என்று மெசேஜ் வரும் (டர்னிட்டின் என்பது காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள்). பதிலே போடாதீர்கள். 2022-இல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் காசுக்கு அப்படி எழுதித் தருவதும், அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். வாங்கிச் சமர்ப்பித்தவர் பல்கலைக்கழக விசாரணையில் மாட்டுவார். படிப்பை விட்டு நீக்கினால் விசாவும் போகும். ஏஐ கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், எழுதத் தொடங்கும் முன்பே மாட்யூல் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

டிசர்டேஷன், அதாவது படிப்பின் கடைசியில் எழுதும் ஆய்வேடு, அதன் நேரத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மொழி மைய ஆசிரியர்கள் பெரும்பாலும் ப்ரீ-செஷனல் வகுப்புகளில் மூழ்கியிருப்பார்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். எனவே முந்தைய ஆய்வுகளை அலசும் லிட்டரேச்சர் ரிவ்யூ பகுதியின் முதல் வரைவை மே மாதத்துக்குள் எழுதி அவர்களிடம் கொண்டுபோய்விடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.