அடிலெய்டில் படிக்கப் போகிறீர்களா? படிப்பைத் தேர்வதில் தொடங்கி விசா வரை, படிப்படியாக

ஆஸ்திரேலியா என்றதும் எல்லோருக்கும் மெல்போர்னும் சிட்னியும்தான் நினைவுக்கு வருகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டைப் பலர் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அடிலெய்டு ஒரு 'ரீஜனல்' பகுதி, அதாவது பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டாரம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் அப்படி இல்லை. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை விசாவின் காலத்தில் இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரியும். ஆகவே எந்தப் படிப்பு என்று யோசிக்கும் முன்பே, படிப்பு முடியும் நாளில் கையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பட்டம் வாங்கியபின் வேலை பார்க்க உதவுவது 485 விசா. அதற்கு 'ஆஸ்திரேலியப் படிப்புத் தகுதி' வேண்டும். அதாவது, பதிவு பெற்ற படிப்பாகக் குறைந்தது 92 வாரம், ஆஸ்திரேலிய மண்ணில் குறைந்தது 16 மாதம். இங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு வருட மாஸ்டர்ஸ் கட்டணத்தில் மலிவு. அது மட்டும் படித்தால் 92 வாரம் நிறையாது, 485 கிடையாது. சேரும் படிப்பின் நீளத்தை வருடக் கணக்கில் கேட்காதீர்கள், வாரக் கணக்கில் கேளுங்கள்.

2024 ஜூலை முதல் 485க்கு வயது வரம்பு பெரும்பாலானோருக்கு 35. ஆராய்ச்சி மாஸ்டர்ஸ், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு 50. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 5.5, அதுவும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். சேரும்போது எழுதிய தேர்வு அதற்குள் பழசாகிவிடும்.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தால் ஒரு சலுகை உண்டு: மாஸ்டர்ஸ் முடித்தால் 3 வருடம் வரை, பிஎச்.டி. முடித்தால் 4 வருடம் வரை 485 விசா கிடைக்கும். இலங்கை பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்குப் பொது விதிதான். கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸுக்கு, அதாவது ஆராய்ச்சியாக இல்லாமல் பாடங்களாகப் படிக்கும் மாஸ்டர்ஸுக்கு, 2 வருடம். இதற்கு மேல், அடிலெய்டில் பட்டம் பெற்று, முதல் 485 விசாவில் ரீஜனல் பகுதியிலேயே குறைந்தது இரண்டு வருடம் வசித்தவர்கள் இன்னொரு வருடத்துக்கு இரண்டாவது 485 கேட்கலாம்.

படி 2: எங்கே என்ன இருக்கிறது

அடிலெய்டு பல்கலைக்கழகமும் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஒன்றாகி, 2026 ஜனவரி முதல் 'அடிலெய்டு யூனிவர்சிட்டி' என்ற ஒரே பெயரில் இயங்குகின்றன. பழைய இரண்டு பெயர்களிலும் உள்ள படிப்பு விவரங்கள் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய பக்கத்தில் உள்ள கட்டணத்தையும் பாடத் திட்டத்தையும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

இதன் வளாகங்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றன. நார்த் டெரஸ் நகரின் நடுவே இருக்கிறது. வேளாண்மை, ஒயின் தயாரிப்பு, மண்ணியல் படிக்கிறவர்கள் வெய்ட் வளாகத்துக்குப் போவார்கள், பி.எஸ்சி. அக்ரி முடித்த தமிழ்நாட்டு மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது. கால்நடை மருத்துவம் ரோஸ்வொர்தியில், நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே. வீடு பார்க்கும் முன் உங்கள் பாடங்கள் எந்த வளாகத்தில் நடக்கின்றன என்று கேட்டுவிடுங்கள்.

ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் தெற்கே பெட்ஃபோர்ட் பார்க்கில், பெரிய அரசு மருத்துவமனையை ஒட்டியே இருக்கிறது. நர்ஸிங், மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு இது பெரிய வசதி. பொறியியலும் கணினியியலும் டான்ஸ்லி வளாகத்தில். 2020 முதல் பெட்ஃபோர்ட் பார்க் வளாகத்தின் பக்கத்திலேயே ரயில் நிலையமும் உண்டு. இவை தவிர டாரன்ஸ் என்ற தனியார் பல்கலைக்கழகம் 2014 முதல் இயங்குகிறது. தொழிற்படிப்புக்கு அரசின் டேஃப் எஸ்.ஏ. இருக்கிறது; தனியார் கல்லூரிகளும் ஏராளம்.

நர்ஸிங் நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நர்ஸிங்' என்று பெயரில் இருக்கும் எல்லா மாஸ்டர்ஸும் உங்களை நர்ஸ் ஆக்காது. சில ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸுகளுக்கான மேற்படிப்பு. பதிவுக்குத் தகுதி தரும் படிப்பா என்பதை நர்ஸிங் வாரியம் வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். கணக்கியல், ஆசிரியர் பயிற்சிக்கும் இதே மாதிரிப் பட்டியல்கள் உண்டு.

படி 3: கிரிகோஸ் எண்ணைச் சரிபாருங்கள்

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி உள்ள எல்லா நிறுவனங்களும் படிப்புகளும் கிரிகோஸ் என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும். நிறுவனத்துக்கு ஒரு எண், படிப்புக்குத் தனியாக ஒரு எண். இரண்டையும் தேடுங்கள். நிறுவனம் பதிவேட்டில் இருந்து, நீங்கள் சேரும் படிப்பு இல்லாமல் போகலாம். அல்லது வேறு வளாகத்துக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். படிப்பின் வாரக் கணக்கும் அங்கேயே எழுதியிருக்கும். படி 1இல் சொன்ன 92ஐ அங்கே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பம்

முக்கியச் சேர்க்கைகள் பிப்ரவரி–மார்ச்சிலும் ஜூலையிலும். எட்டு முதல் பத்து மாதம் முன்பே தொடங்குவது நல்லது. தேவைப்படுபவை: பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகள் அல்லது பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ் அல்லது ப்ரொவிஷனல், பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு முடிவு, வேலை பார்த்திருந்தால் அனுபவச் சான்றிதழும் சம்பள ரசீதும். அரியர் இருந்து பின்னர் பாஸ் செய்திருந்தால் அதை மறைக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் எப்படியும் தெரிந்துவிடும். மறைத்ததுதான் பிரச்சினையாகும், அரியர் அல்ல.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் இருந்தும் யாராவது 'ஃபவுண்டேஷன்' என்ற பட்டப் படிப்புக்கு முந்தைய தயாரிப்புப் படிப்பில் சேரச் சொன்னால் காரணம் கேளுங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே முதல் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் இளநிலைப் படிப்புகள் இருக்கும்போது, ஃபவுண்டேஷன் ஒரு வருடக் கட்டணத்தை வீணாக்கும். மதிப்பெண் குறைவாக இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல வழி. டிப்ளமா வழியாக இரண்டாம் ஆண்டில் நுழைவதும் நல்ல வழி.

ஏஜென்டிடம் போவதில் தவறில்லை. ஆனால் அவருக்குக் கமிஷன் தருவது கல்லூரி என்பதை மனதில் வையுங்கள். உங்கள் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல் ஒரே ஒரு கல்லூரியை மட்டும் சொல்பவரிடம் நிற்காதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். ஏஜென்டின் மின்னஞ்சல் மட்டும் இருந்தால் பல்கலைக்கழகம் அனுப்பும் எதுவும் உங்கள் கண்ணில் படாது.

படி 5: பணம் கட்டும் முன்

ஆஃபர் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். அதிலுள்ள ரீஃபண்ட் பகுதியை முதலில் படியுங்கள். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பானால், தொடங்கும் முன் மொத்தக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கட்டச் சொல்லிக் கல்லூரி கட்டாயப்படுத்த முடியாது. விசா மறுக்கப்பட்டு நீங்கள் சேர முடியாமல் போனால், கட்டிய பணத்தில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். இது சட்டம். மருத்துவக் காப்பீடு ஓ.எஸ்.எச்.சி.யையும் இந்தக் கட்டத்தில்தான் எடுப்பீர்கள். நவம்பர், டிசம்பரில் முடியும் நீண்ட படிப்புகளுக்கு விசா வழக்கமாக அடுத்த மார்ச் 15 வரை கிடைக்கும். காப்பீடும் அதுவரை ஓட வேண்டும்.

பணம் கட்டியதும் சேர்க்கை உறுதிச் சான்று, அதாவது சி.ஓ.இ. வரும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதும்போதுதான் பிழை வருகிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

படி 6: மாணவர் விசா (சப்கிளாஸ் 500)

2025 ஜூலை 1 முதல் விண்ணப்பக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தாலும் திரும்ப வராது. விசாவுக்கான ஆங்கிலக் குறைந்தபட்சம் ஐஇஎல்டிஎஸ் 6.0, பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதைவிட அதிகம் கேட்கும். வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வுகள் விசாவுக்குச் செல்லாது.

பணக் கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். முதல் வருடக் கட்டணம் 45,000 டாலர் என்று வையுங்கள். வாழ்க்கைச் செலவுக்கு 2024 மே 10 முதல் அரசு வைத்துள்ள தொகை 29,710. பயணத்துக்குச் சுமார் 2,000. மொத்தம் 76,710. பாதிக் கட்டணம் 22,500 கட்டிவிட்டால் காட்ட வேண்டியது 54,210. கணவரோ மனைவியோ கூட வந்தால் 10,394, குழந்தைக்கு 4,449 சேரும். பள்ளி வயதுக் குழந்தையானால் பள்ளிக் கட்டணம் தனி.

தொகையை விட அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் மறுப்புகள் அதிகம். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு சித்தப்பா கணக்கிலிருந்து 30 லட்சம் வந்து விழுந்தால் அதிகாரி கேள்வி கேட்பார். நிலம் விற்ற பணமானால் விற்பனைப் பத்திரத்தை வையுங்கள். பி.எஃப். பணமானால் அதன் ஸ்டேட்மென்ட்டை வையுங்கள். அங்கீகாரம் பெற்ற வங்கியின் கல்விக் கடன்தான் விளக்குவதற்கு எளிது.

அடுத்து, 2024 மார்ச் 23 முதல் நடைமுறையில் உள்ள 'ஜென்யூன் ஸ்டூடண்ட்' கேள்விகள், அதாவது உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறீர்களா என்று பார்க்க விசா விண்ணப்பத்தில் கேட்பவை. ஒவ்வொரு பதிலும் 150 சொல்லுக்குள், ஆங்கிலத்தில். 'ஆஸ்திரேலியக் கல்வி உலகத் தரம் வாய்ந்தது' என்று எழுதினால் 150இல் பத்துச் சொல் வீண். உதாரணமாக, மெக்கானிக்கல் முடித்து ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறீர்கள் என்றால், அந்த வேலையில் எந்த இடத்தில் அறிவு போதவில்லை, சேரும் படிப்பின் எந்தப் பாடம் அதை நிரப்பும், திரும்பி வந்தால் எந்தப் பதவிக்குப் போக முடியும், சம்பளம் எவ்வளவு மாறும் என்று எழுதுங்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதை ஆதாரத்தோடு சொல்லுங்கள். துறை மாறுகிறீர்கள் என்றால் ஏன் மாறுகிறீர்கள் என்பதற்கே பாதி இடம் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பையனின் பதிலை வாங்கி ஒட்டாதீர்கள்.

படி 7: வேலை பார்க்கும் கணக்கு

பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். படிப்பு தொடங்கும் முன் வேலை பார்க்கக் கூடாது. 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர்; வாரம் 24 மணி நேரம் என்றால், வரிக்கு முன் சுமார் 599. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இது உதவும். கல்விக் கட்டணத்தை இதில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையில் ரொக்கமாக, குறைந்தபட்சத்துக்கும் கீழே தருபவரிடம் வேலைக்குப் போகாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு உண்டு, தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

படி 8: போய் இறங்கியபின்

குடியிருக்கும் முகவரி மாறினால் ஏழு நாளுக்குள் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். வரி எண், மாணவர் அடையாள எண், வங்கிக் கணக்கு மூன்றையும் முதல் வாரத்திலேயே முடிக்கலாம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மெட்ரோகார்டு; முழுநேர மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நகர மையத்துக்குள் டிராம் இலவசம்.

முக்கியப் படிப்பின் முதல் ஆறு மாதம் முடியும் முன் வேறு கல்லூரிக்கு மாறக் கல்லூரியின் சம்மதம் வேண்டும். அதைவிட ஆபத்தானது, மாஸ்டர்ஸுக்கு விசா வாங்கி வந்து, கட்டணம் குறைவு என்று டிப்ளமாவுக்கு இறங்குவது. விசா எந்த மட்டத்துப் படிப்புக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்குக் கீழே போனால் நிபந்தனை மீறல். புதிய விசா எடுக்காமல் மாறினால் ரத்தாகலாம். படிப்பு கடினமாக இருந்தால் முதலில் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவுக்குப் போங்கள். பாடச் சுமையைக் குறைக்கவும், தக்க காரணத்தோடு படிப்பைத் தள்ளிவைக்கவும் முறையான வழிகள் இருக்கின்றன.

வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, பே ஸ்லிப் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபோல்டரில் சேருங்கள். வேலை விசா வந்தபின்னும் நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு வருடமும் அடிலெய்டில்தான் இருந்தீர்கள் என்று இரண்டாவது 485க்குக் காட்ட வேண்டியது இந்தக் காகிதங்களைத்தான். பகிர்ந்து வாழும் வீட்டில் ரசீது நண்பர் பெயரில் மட்டும் வந்தால், ஒப்பந்தத்திலாவது உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.