ஜாம் நைட்டில் முதல் தடவை வாசிக்கப் போகிறவருக்கு: பன்னிரண்டு பார், இரண்டு விரல்

நான்கு வருஷம் என் கிட்டார் படுக்கையறையை விட்டு வெளியே வரவே இல்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேக்கிங் டிராக்கோடு வாசிப்பு. போன வருஷம் சென்னையில் ஒரு கஃபேயில் நடக்கும் புளூஸ் ஜாமுக்கு, அதாவது ஒத்திகை இல்லாமல் வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கும் ராத்திரிக்கு, துணிந்து போனேன். டிரம்ஸில் இருந்தவர் சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசிப்பவர். பேஸ் கிட்டார் அண்ணன் மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் ஓட்டியவர். முதல் பாட்டிலேயே எனக்கு இடம் தப்பிவிட்டது. அந்தக் கூத்தைக் கீழே சொல்கிறேன்.

இது கிட்டார்காரர்களுக்காக எழுதியது. நாலைந்து கார்டு பிடிக்கத் தெரிந்து, தாளம் ஓடாமல் வாசிக்க வந்தால் போதும்.

படி 1: முதல் வாரம் வெறுங்கையோடு போங்கள்

கிட்டாரை வீட்டிலேயே வையுங்கள். ஒரு காபி வாங்கிக்கொண்டு டிரம்ஸ் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். பெரும்பாலான ஜாம்களில் ஹவுஸ் பேண்ட் என்று ஒன்று இருக்கும். டிரம்ஸ், பேஸ், பெரும்பாலும் கூட ஒரு கிட்டாரோ கீபோர்டோ. முதலில் அவர்கள் சில பாட்டு வாசிப்பார்கள், பிறகு பெயர் கொடுத்தவர்களை இரண்டு மூன்று பாட்டுக்கு மேலே கூப்பிடுவார்கள். பெயர் யாரிடம் கொடுக்க வேண்டும், பாட்டை யார் முடித்துவைக்கிறார், எவ்வளவு சத்தத்தில் வாசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். குறிப்பாகச் சத்தத்தை. நாம் நினைப்பதைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

படி 2: பன்னிரண்டு பாரைக் காலில் ஏற்றுங்கள்

புளூஸ் ஜாமில் வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு பார் சுற்றுக்குள் அடங்கிவிடும். ஒரு பாருக்கு நான்கு அடி, மொத்தம் நாற்பத்தெட்டு அடி. ஏ கீயில், நம் பாஷையில் ஆறு கட்டையில், இப்படி வரும்:

ஏ7 | ஏ7 | ஏ7 | ஏ7
டி7 | டி7 | ஏ7 | ஏ7
ஈ7 | டி7 | ஏ7 | ஈ7

மூன்று வரி, வரிக்கு நான்கு பார். பாட்டும் அப்படித்தான் அமையும்: ஒரு வரி பாடுவார், அதையே திரும்பப் பாடுவார், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார். பல்லவியை இரண்டு தரம் பாடக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒன்பதாம் பாரில் ஈ7 வரும்போது ஒரு மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். அதுதான் உங்கள் மைல்கல்.

கிட்டாரைத் தொடாமல் ஒரு வாரம் இதைப் பழகுங்கள். பஸ்ஸில் போகும்போது எந்தப் புளூஸ் பாட்டையாவது போட்டுவிட்டு, காலால் தட்டிக்கொண்டே ‘தகதிமி, தகதிமி’ என்று பன்னிரண்டு எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்றுக்கு 24 விநாடி. எண்ணாமலே சுற்று முடிவது தெரிய ஆரம்பிக்கும் நாள் வரும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

‘குயிக் சேஞ்ச்’ என்று சொன்னால் இரண்டாம் பாரிலேயே டி7-க்குப் போய்விட்டு, மூன்றில் ஏ7-க்குத் திரும்பிவிடுவார்கள். ‘ஃப்ரம் த ஃபைவ்’ என்றால் பாட்டு நேராக ஒன்பதாம் பாரிலிருந்து தொடங்கும். இந்த இரண்டையும் தெரியாமல் மேடை ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

படி 3: பெரிய கார்டுகளை மறந்துவிட்டு இரண்டு விரலில் வாசியுங்கள்

படுக்கையறையில் ஆறு கம்பியையும் அடித்து வாசித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மேடையில் பேஸ் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, இன்னொரு கிட்டாரும் இருக்கலாம். ஆறு கம்பியும் சேர்ந்தால் சத்தம் சேறாகிவிடும். பேஸ் அண்ணன்தான் இதற்கு வழி காட்டினார்.

நான்காவது கம்பியில் (டி கம்பி) 5-ஆம் ஃப்ரெட், மூன்றாவது கம்பியில் (ஜி கம்பி) 6-ஆம் ஃப்ரெட். இந்த இரண்டு ஸ்வரம் போதும், ஏ7 வந்துவிட்டது. இரண்டு விரலையும் அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கள்: 4, 5. அது டி7. ஏ7 இருந்த இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றினால், 6, 7, அது ஈ7. அவ்வளவுதான். மொத்தப் பாட்டும் இந்த நான்கு ஃப்ரெட்டுக்குள் முடிந்துவிடும். அடிப்படை ஸ்வரத்தைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். அந்த கார்டு எதுவென்று காதுக்குச் சொல்லும் இரண்டு ஸ்வரங்களை மட்டும் நீங்கள் கொடுக்கிறீர்கள். இதைக் காட்டிய அன்று வீட்டுக்குப் போய் நடுராத்திரி வரை இதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

வேறு கீ என்றால் இதே வடிவத்தை நகர்த்துங்கள். ஜி கீ, அதாவது ஐந்து கட்டை என்றால், எல்லாம் இரண்டு ஃப்ரெட் கீழே.

படி 4: கை ஜாடை

மேடையில் பேச நேரம் கிடைக்காது. கையை மூடி உயர்த்தினால் பாட்டு முடியப்போகிறது. தலையைத் தொட்டுக் காட்டினால் மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ஜாஸ் ஆட்கள் கீயையே விரலால் சொல்வார்கள்: மேல்நோக்கி ஒரு விரல் ஜி, இரண்டு டி, மூன்று ஏ, கீழ்நோக்கி ஒரு விரல் எஃப், இரண்டு பி ஃபிளாட். சாக்ஸபோன், டிரம்பெட் வந்துவிட்டால் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் எல்லாம் சகஜம். ஏ-யிலும் ஈ-யிலும் மட்டுமே வாசித்துப் பழகிய நமக்கு அங்கேதான் வியர்க்கும்.

படி 5: பையில் என்ன?

கிட்டார், ஸ்ட்ராப், கேபிள், கிளிப் ட்யூனர், நாலு பிக். ஆம்ப் அங்கேயே இருக்கும். எஃபெக்ட்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் வயர் மாட்டி முடிக்கும்வரை நான்கு பேர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கீழே இருக்கும்போதே ட்யூன் பண்ணிவிடுங்கள்.

படி 6: மேடையில்

போனவுடன் வணக்கம் சொல்லி, ‘முதல் தடவை வாசிக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டாலும் நாலு பாரில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லிவிட்டால் கீயை இன்னொரு தரம் சொல்வார்கள், நீங்கள் பார்க்கிற மாதிரி ஜாடை காட்டுவார்கள்.

இப்போது என் கூத்து. பாட வந்த அக்கா, ‘ஷஃபிள் இன் ஏ, குயிக் சேஞ்ச்’ என்றார். ஷஃபிள் என்றால் துள்ளல் நடை. நான் தலையை ஆட்டினேன், புரிந்த மாதிரி. இரண்டாம் பாரில் எல்லாரும் டி7-க்குப் போனார்கள். அடடா, ஐந்தாம் பார் வந்துவிட்டது போலிருக்கிறது, பதற்றத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டோம் என்று நினைத்து அங்கிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஆக, ஊருக்கு முன்னால் மூன்று பார். மூன்றாம் பாரிலேயே உரசியது. ஆறாம் பாரில் அவர்கள் டி7-இல் நிற்க, நான் ஈ7-ஐ ஓங்கி அடித்தேன். அக்கா பாடிக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பயத்தில் இன்னும் பலமாக வாசித்தேன். பேஸ் அண்ணன் பக்கத்தில் வந்து, ‘தம்பி, நிறுத்து. நிறுத்திட்டுக் கேளு’ என்றார்.

இடம் தப்பினால் செய்ய வேண்டியது அதுதான். கம்பிகளை உள்ளங்கையால் மூடுங்கள். தேட வேண்டாம், ஊகிக்க வேண்டாம். பேஸைக் கேளுங்கள். ஒன்பதாம் பாரின் அந்த மேடு வரும், பன்னிரண்டாம் பாரில் டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டும், அடுத்த அடி சமம், அதாவது புதிய சுற்றின் முதல் அடி. அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். அதிகம் போனால் ஒரு சுற்று, 120 அடி வேகத்தில் 24 விநாடி, சும்மா நிற்பீர்கள். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

பின்னாளில் ஆல்டோ சாக்ஸபோனின் போக்கையே மாற்றிய சார்லி பார்க்கர், 1936-இல் கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் நடந்த ஜாமில் இப்படித்தான் இடம் தப்பி நின்றார் என்று சொல்வார்கள். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்து அவரை இறங்க வைத்தாராம். நமக்கு ஒரு பார்வையோடு போயிற்று.

படி 7: சோலோ

பாட்டை நடத்தும் தலைவர் உங்களைப் பார்த்துத் தலையசைத்தால் சோலோ உங்களுடையது. வேண்டாம் என்றால் லேசாகத் தலையை இடவலமாக ஆட்டிவிட்டு கார்டைத் தொடருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு.

ஐந்தாம் ஃப்ரெட்டின் ஏ மைனர் பென்டடானிக் போதும். ச க ம ப நி, நம் சுத்த தன்யாசியின் அதே ஸ்வரங்கள். ஆனால் கீழே ஓடும் ஏ7-இல் இருப்பது அந்தர காந்தாரம், உங்கள் விரலில் இருப்பது சாதாரண காந்தாரம். இரண்டும் மோதும். அதனால் சி ஸ்வரத்தைப் பிடிக்கும்போது கம்பியைக் கொஞ்சம் இழுத்து, இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்காவது நிறுத்துங்கள். புளூஸின் அழுகை அங்கேதான் இருக்கிறது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் விடுங்கள். பதினோராம் பாரில் தலைவரைப் பாருங்கள். அடுத்தவர் சோலோ எடுத்ததும் உங்கள் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். ஹவுஸ் பேண்ட் உங்களைத் திரும்பக் கூப்பிடுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு திருகலில் இருக்கிறது.

படி 8: இறங்கும்போது

ஆம்ப் வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகு கேபிளைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் ‘டப்’ என்ற சத்தம் கஃபேயையே உலுக்கும். நன்றி சொல்லுங்கள். உடனே கிளம்பிவிடாமல் மற்றவர்கள் வாசிப்பதையும் கேளுங்கள். அன்று நான் ஓரமாக கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பேஸ் அண்ணன் டீயோடு வந்து, ‘அடுத்த வாரம் சீக்கிரம் வாப்பா, அந்த ரெண்டு விரல் விஷயத்தைக் காட்டறேன்’ என்றார்.