தாடையே சொல்லிவிடும்

களைப்பும் மன அழுத்தமும் பலருக்குத் தாடையில் தெரியும். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம்; மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. காலையில் நெற்றிப்பொட்டு வலித்தாலோ, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் அலை அலையாகத் தெரிந்தாலோ, பழியைத் தலையணை மேல் போடாதீர்கள்; தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதில் கண் படும்போதெல்லாம் நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, தாடையைத் தளர்த்தி, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விட வேண்டும். ஐந்து முறை போதும். நாளாக நாளாகப் பொட்டு கண்ணுக்குப் பழகிவிடும்; இடம் மாற்றி ஒட்டுங்கள்.

அடுத்தது நாடி. விழித்ததும், காபிக்கு முன், படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 60 விநாடி எண்ணி, காலண்டரில் குறியுங்கள். கட்டைவிரலால் பிடித்தால் அதன் துடிப்பே குழப்பும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நாலாகும். ஒரு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் பிடிபடும். மூன்று நாள் தொடர்ந்து 8, 10 கூடினால் ஓவர்டைமை நிறுத்துங்கள்; மதியத்துக்கு மேல் காபியையும். காய்ச்சலோ தண்ணீர்க் குறைவோ இருந்தாலும் எண் ஏறும், அதையும் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.