ஒரே கலைஞரின் இரண்டு படைப்புகளை ஒப்பிடுவது எப்படி: தா. சனாதனனை வைத்து ஒரு பயிற்சி

சித்திரம் படிக்கிற மாணவர்களின் ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் "இரண்டும் போரையும் இடப்பெயர்வையும் பேசுகின்றன" என்ற வரியோடு நின்றுவிடும். கருப்பொருளில் தொடங்கினால் அதற்கப்பால் போக வழியில்லை. செய்முறையில் தொடங்குங்கள்: பொருளைத் தந்தது யார், கோடு யாருடைய கை, கலைஞரின் கை எந்த இடத்தில் நுழைகிறது?

இதற்கு யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் இரண்டு படைப்புகள் நன்றாகப் பொருந்தும். முதலாவது 'ஹிஸ்டரி ஒஃப் ஹிஸ்டரீஸ்': யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சேகரித்த பொருட்களைக் கொண்டு 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அமைத்த நிறுவல், அதாவது பொருட்களை ஓரிடத்தில் அடுக்கி அந்த இடத்தையே படைப்பாக்கும் கலை. மற்றது 2011இல் வெளிவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல். இடம்பெயர்ந்த 80 பேர் நினைவிலிருந்து கீறிய வீட்டுப் பிளான், அதன் கட்டடக்கலை வரைபடம், சனாதனனின் உலர் பஸ்டல் (வண்ணக்கோல்) ஓவியம் என்று ஒவ்வொரு வீடும் மூன்று தரம் வருகிறது.

நூலில் 80ஐயும் எடுக்க வேண்டாம். மூன்று வீடுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் ஒதுக்கி, 'சோகம்', 'இழப்பு' போன்ற சொற்கள் இல்லாமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். கையால் கீறிய பிளானில் எது அளவுக்கு மீறிப் பெரிது? கிணறா, குசினியா, சாமியறையா? எந்தக் கோடு இரண்டு தரம் போடப்பட்டிருக்கிறது? வேலி முழுதாகச் சுற்றி வருகிறதா, எங்காவது விட்டுப்போயிருக்கிறதா?

அடுத்து, அந்தப் பிளானையும் கட்டடக்கலை வரைபடத்தையும் படமெடுத்து, ஒரே அளவில் அச்சடித்து, ட்ரேசிங் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறிப் பாருங்கள். கையால் கீறிய கோடுகளைக் கட்டடக்கலை வரைபடமாக நேராக்கும்போது காணாமற்போனவை அப்போது தெரியும். ஒப்பீட்டுக்கு அதுதான் உங்கள் முக்கியச் சான்று. போனைச் சரித்துப் பிடித்துப் படமெடுத்தால் செங்கோணங்கள் சாய்ந்துவிடும், பிளான் கீறியவரின் கைக்கோணலென்று பிழையாக எழுதிவிடுவீர்கள். நூலை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். நூலின் மேலேயே தாள் வைத்துக் கீறவே கூடாது, பென்சில் அழுத்தம் பக்கத்தில் பதிந்துவிடும்.

நிறுவல் இன்று அந்த இடத்தில் இல்லை, புகைப்படங்கள்தான் இருக்கின்றன. அதனால் வெவ்வேறு கோணத்தில் இரண்டு படமாவது தேடி எடுங்கள். படத்தில் ஆள் நின்றால் அவரை வைத்து அளவை ஊகிக்கலாம். மணம், வெளிச்சம், நடந்து பார்க்கும் வேகம் எதையும் படம் தராது. அவற்றைப் பற்றி எழுதாதீர்கள். ஆனால் இடம் தெளிவாகத் தெரிந்ததுதான்: 1981இல் எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டிய கட்டடம். சேகரிப்பும் ஆவணமும் அழிந்துபோன இடத்தில் சாதாரண வீட்டுப் பொருட்கள் ஆவணமாக வைக்கப்பட்டன. தோம்போ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேட்டின் பெயர். இரண்டிலும் அதிகாரத்தின் பதிவு முறை சனத்தின் கைக்கு வருகிறது. ஒன்றில் வீட்டின் பொருள் வந்தது, மற்றதில் வீட்டின் கோடு மட்டுமே வந்தது. இந்த வேறுபாட்டுக்கு எத்தனை பக்கம் செலவழித்தாலும் தகும்.

எழுதும்போது முதலாவதற்கு ஒரு பாதி, மற்றதற்கு ஒரு பாதி என்று பிரிக்காதீர்கள், அது அருகருகே வைத்த இரண்டு விவரிப்பாகவே முடியும். பந்திக்கு ஒரு கேள்வி, அதற்குள் இரண்டு படைப்பும்.

கடைசியில் ஆண்டுகளைச் சரிபாருங்கள். 2004 என்பது 2002இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் காலம், 2011 போர் முடிந்து இரண்டாவது ஆண்டு. அதைக் கவனிக்காதவர்கள் வேறுபாட்டையெல்லாம் "கலைஞரின் வளர்ச்சி" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குள் போய்ப் பொருள் கேட்க முடிந்த காலமும், வீட்டை நினைவிலிருந்து கீறித்தரக் கேட்ட காலமும் வேறு.